சிலிண்டர் பாதியானால் அமுக்கமும் பாதியாகுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருந்து உயர்தர மாணவி ஒருவர் எழுதியிருக்கிறார். போயில், சாள்ஸ், அவகாதரோ ஆகியோரின் விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் வினாத்தாளைக் கண்டவுடன் எந்த விதியை எங்கே பயன்படுத்துவது என்று தடுமாறுகிறார். கூடவே, அவருடைய அம்மா கேட்டு அவரால் பதில் சொல்ல முடியாமற் போன இன்னொரு கேள்வியையும் அனுப்பியிருக்கிறார். ரயருக்குக் காற்றுப் பார்ப்பதற்கு மானி இருக்கிறது. அதுபோல வீட்டு எரிவாயுச் சிலிண்டரிலும் ஒரு மானியைப் பூட்டிவிட்டால், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாமே, வாயு பாதியானால் அமுக்கமும் பாதியாகத்தானே வேண்டும் என்பது அம்மாவின் கேள்வி.

அம்மாவின் கேள்விக்கான விடையில் மகளின் கேள்விக்கான விடையும் அடங்கியிருக்கிறது என்பதால் அதையே முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறேன். விடை இதுதான்: மருத்துவமனையில் இருக்கும் ஒட்சிசன் சிலிண்டரில் வாயு பாதியானால் அமுக்கமும் ஏறத்தாழப் பாதியாகிறது. சமையலறைச் சிலிண்டரில் அவ்வாறு நிகழ்வதில்லை. அங்கே பாதி தீர்ந்த பின்னரும், முக்கால்வாசி தீர்ந்த பின்னரும்கூட மானி பெரும்பாலும் பழைய இடத்தின் அருகிலேயே நிற்கும். இரண்டும் உருக்குக் கலங்கள், இரண்டிலும் வாயு என்றுதான் சொல்கிறோம். அப்படியிருந்தும் ஒன்று விதிக்குக் கட்டுப்படுவது போலவும் மற்றது கட்டுப்படாதது போலவும் தோன்றுவது ஏன்?

வாயு ஒன்றின் நிலையைச் சொல்ல நான்கு கணியங்கள் போதும்: அமுக்கம், கனவளவு, வெப்பநிலை, மூல் எண்ணிக்கை (எவ்வளவு மூலக்கூறுகள் இருக்கின்றன என்பதன் அளவு). அமுக்கத்தைக் கனவளவாற் பெருக்கினால் வருவது, மூல் எண்ணிக்கையையும் வாயு மாறிலியையும் தனி வெப்பநிலையையும் (கெல்வினில் அளக்கும் வெப்பநிலை) பெருக்கினால் வருவதற்குச் சமம் என்பதே இலட்சிய வாயுச் சமன்பாடு. பாடநூலில் தனித்தனிப் பெயர்களோடு வரும் விதிகள் எல்லாம், இந்த நான்கில் இரண்டைப் பிடித்து நிறுத்திவிட்டு மற்ற இரண்டையும் அசையவிட்டுப் பார்த்தவர்களின் பெயர்களைத் தாங்கியவை. ஆகவே வினாவை வாசிக்கும்போது இது போயிலா சாள்ஸா என்று தேடுவதை விட்டுவிட்டு, இங்கே எது மாறாமல் இருக்கிறது, அதை மாறாமல் வைத்திருப்பது எது என்ற இரண்டையும் கேளுங்கள். முதற்பாதியைப் பலர் கேட்கிறார்கள். இரண்டாம் பாதியைக் கேட்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில் பிழைகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

றொபேட் போயில் 1662இல் வெளியிட்ட அளவீடுகளை எடுத்துக்கொள்வோம். அவர் பயன்படுத்தியது ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய். அதன் அடி வளைந்து, குட்டையான புயம் மேலே மூடப்பட்டிருந்தது. அந்தக் குட்டைப் புயத்திற்குள் கொஞ்சம் வளி அகப்பட்டிருந்தது. நீண்ட புயத்தின் வாயினூடாக இரசத்தை, அதாவது பாதரசத்தை, ஊற்ற ஊற்ற உள்ளே அகப்பட்ட வளி சுருங்கியது. வளி 48 பிரிவுகளை நிரப்பியிருந்தபோது அதன் மேலிருந்த மொத்த அமுக்கம், வளிமண்டலத்தையும் சேர்த்து, 29 அங்குலமும் பதினாறில் 2 பங்கும் உயரமான இரசத்திற்குச் சமமாக இருந்தது. வளி 12 பிரிவுகளுக்குச் சுருங்கியபோது அது 117 அங்குலமும் பதினாறில் 9 பங்குமாக உயர்ந்துவிட்டது. பெருக்கிப் பாருங்கள்: முதலாவது 1,398, இரண்டாவது ஏறத்தாழ 1,411. கையால் ஊற்றி, கண்ணால் அளந்து, நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

அந்த அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு நிரல் கிடையாது. அந்த வேலையை அறை செய்தது. இரசம் ஆறுதலாக ஊற்றப்பட்டதால், நெருக்கப்பட்ட வளியில் தோன்றிய சூடு கண்ணாடியினூடாக வெளியே போக நேரம் இருந்தது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு சட்டென்று அழுத்தினால் அந்த நேரம் கிடைப்பதில்லை. 30 பாகை செல்சியசில் உள்ள வளியை வெப்பம் வெளியேற இடமளிக்காமல் பாதிக் கனவளவுக்கு நெருக்கினால், கணக்கின்படி அதன் வெப்பநிலை 120 பாகையையும் தாண்டும். அமுக்கம் இரண்டு மடங்காக நில்லாமல் 2.6 மடங்காகும். நடைமுறையில் பம்பின் சுவர் கொஞ்சத்தை இழுத்துக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. எனினும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். போயிலின் விதி அங்கே பொய்த்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது. வெப்பநிலையைப் பிடித்து வைத்திருக்க அங்கே எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாள்ஸின் விதியில் பிடித்து வைக்கப்படுவது அமுக்கம். அதைப் பெரும்பாலும் பிடித்து வைப்பது நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டலம். யாக் சாள்ஸ் 1783 டிசம்பர் 1ஆம் திகதி பரிசில் ஐதரசன் பலூனில் தானே ஏறிப் பறந்தவர். அந்தப் பலூனின் அடிப்பகுதி திறந்திருந்தது. அதனால் உள்ளே இருந்த வாயு வெளி அமுக்கத்தோடு எப்போதும் சமப்பட்டுக்கொண்டே இருந்தது. வாயுக்கள் வெப்பத்தால் விரியும் அளவை அவர் 1787 அளவில் ஆராய்ந்தாலும் வெளியிடவில்லை. 1802இல் தம் அளவீடுகளை வெளியிட்ட கேலூசாக், சாள்ஸ் முன்னரே செய்தார் என்று எழுதி வைத்ததனால்தான் விதிக்கு அந்தப் பெயர் நிலைத்தது. பிறருடைய உழைப்புக்கு இடம் விட்டு எழுதும் அந்தப் பண்பை மாணவர்களுக்குச் சொல்லாமல் என்னால் கடந்து போக முடிவதில்லை.

எந்த வாயுவாக இருந்தாலும், வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறும்போது, 0 பாகையில் இருந்த கனவளவின் ஏறத்தாழ 273இல் ஒரு பங்கால் விரிகிறது. இந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் கனவளவு பூச்சியமாகும் இடம் மறை 273.15 பாகை. மெய்யான வாயு எதுவும் அங்கே போய்ச் சேருவதில்லை, வழியிலேயே திரவமாகிவிடும். ஆனாலும் அந்தக் கற்பனைப் புள்ளிதான் வெப்பநிலையின் உண்மையான பூச்சியம் என்று 1848இல் கெல்வின் பிரபு அளவிடையொன்றை அமைத்தார். செல்சியசின் பூச்சியம் நீர் உறையும் இடம். வாயுவுக்கு அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை.

பூச்சியம் பற்றிய இதே எச்சரிக்கை அமுக்கத்துக்கும் பொருந்தும். காலி வீதியில் உள்ள ஒரு பெற்றோல் செட்டில் காலையில் 27 பாகையில் ரயருக்குக் காற்று நிரப்புகிறீர்கள்; மானி சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் என்று காட்டுகிறது. வெயிலில் ஓடிய பின் ரயருக்குள் 57 பாகை என்று வைத்துக்கொள்வோம். ரயரின் கனவளவு ஏறத்தாழ மாறுவதில்லை, அதைப் பிடித்திருப்பது ரயரின் சுவர். மூல் எண்ணிக்கையும் மாறவில்லை. எனவே அமுக்கம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதசமன். செல்சியசிலேயே பிரித்தால் 57ஐ 27ஆல் வகுத்து அமுக்கம் இரண்டு மடங்குக்கும் மேல் என்று வரும். அப்படியானால் கொழும்பில் ஒவ்வொரு பகலிலும் ரயர்கள் வெடித்துக்கொண்டிருக்க வேண்டும். கெல்வினுக்கு மாற்றினால் 300இலிருந்து 330, அதாவது பத்தில் ஒரு பங்கு ஏற்றம். உடனே 30ஐ 33 ஆக்கிவிடாதீர்கள். மானி பூச்சியம் என்று காட்டும்போதும் ரயருக்குள் ஒரு வளிமண்டல அமுக்கம் இருக்கிறது, ஏறத்தாழ 14.7 இறாத்தல். வாயு உணர்வது 44.7, அது 49.2 ஆகிறது, மானி காட்டுவது 34.5. வினாவில் மானி என்ற சொல் வந்தால் அங்கே ஒரு கணம் நின்று, இந்த எண் எங்கிருந்து அளக்கப்பட்டது என்று கேளுங்கள்.

இரண்டு கணியங்கள் ஒரே நேரத்தில் மாறும் வினாக்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கொழும்பில் வாங்கிய மிக்சர் பைக்கற்று ஒன்று நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது தலையணை போல் உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே உயரம் 1,868 மீற்றர். வளியமுக்கம் ஏறத்தாழ 81 கிலோபஸ்கால், கடல் மட்டத்தில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்கு. அமுக்கம் மட்டும் மாறியிருந்தால் பைக்கற்றினுள் இருக்கும் வளி கால் பங்கு விரிய முயலும். ஆனால் அங்கே குளிர். 30 பாகையிலிருந்து 16 பாகைக்கு இறங்கினால் கனவளவு நூற்றுக்கு ஐந்து அளவில் சுருங்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 1.19 மடங்கு. விரிவு சுருக்கத்தை வென்றுவிடுகிறது. பைக்கற்றின் தாள் இடங்கொடுக்காத அளவுக்கு உள்ளமுக்கம் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிடுகிறது.

அவகாதரோவின் 1811ஆம் ஆண்டுக் கருத்து இவற்றிலிருந்து வேறுபட்டது. ஒரே வெப்பநிலையிலும் ஒரே அமுக்கத்திலும் ஒரே கனவளவுள்ள வாயுக்களில், அவை எந்த வாயுவாக இருந்தாலும், மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்றார். மூலக்கூறு பெரிதா சிறிதா, பாரமா இலேசா என்பது இடத்தைப் பிடிப்பதில் கணக்கில் வராது என்ற இந்தக் கூற்றை இரசாயனவியலாளர்கள் ஏற்க அரை நூற்றாண்டு எடுத்தது; கனிசாரோ 1858இல் எழுதி, 1860இல் காள்சுருவே மாநாட்டில் எடுத்துக்கூறிய பின்னர்தான் அது நிலைபெறத் தொடங்கியது. வீட்டுக்கு இதன் பயன் நேரடியானது. சம எண்ணிக்கை என்றால், அடர்த்தியைத் தீர்மானிப்பது மூலர்த் திணிவு (ஒரு மூலின் திணிவு, கிராமில்) மட்டுமே. வளியின் சராசரி மூலர்த் திணிவு 29. பியூட்டேனுக்கு 58, புரொப்பேனுக்கு 44. ஆகவே கசிந்த சமையல் வாயு வளியை விட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு பாரமானது. அது மேலே போகாமல் நிலத்தில் படர்ந்து, அலுமாரியின் அடியிலும் வடிகால் வாயிலும் தேங்கும். அடுக்குமாடி வீடுகளில் சமையலறையின் உயரத்தில் மட்டும் ஒரு சிறு யன்னல் இருந்தால் இந்த வாயுவுக்கு அது போதாது. வாயு மணம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், நில மட்டத்தில் காற்று வெளியேறக்கூடியதாகக் கதவைத் திறந்து விடுங்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்தில் செய்யும் பரிசோதனையிலும் ஒரு சொல். மகனீசிய நாடாவை அமிலத்தில் இட்டு ஐதரசனை நீரின் மேல் சேகரிப்பீர்கள். 0.0243 கிராம் மகனீசியம் 0.001 மூல் ஐதரசனைத் தரும். பழைய நூல்களில் அறை வெப்பநிலையில் ஒரு மூலின் கனவளவு 24 லீற்றர் என்று அச்சிட்டிருப்பது 20 பாகைக்கு உரிய எண். கொழும்பின் அறைகள் 20 பாகையில் இருப்பதில்லை. 30 பாகையிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் அது 24.9 லீற்றர். அதோடு, குழாய்க்குள் ஐதரசன் தனியாக இல்லை, நீராவியும் இருக்கிறது. தாற்றனின் பகுதியமுக்க விதிப்படி மொத்த அமுக்கத்திலிருந்து நீரின் நிரம்பலாவியமுக்கத்தை (அந்த வெப்பநிலையில் நிரம்பிய நீராவி தரும் அமுக்கம்) கழிக்க வேண்டும். 30 பாகையில் அது 4.24 கிலோபஸ்கால், 25 பாகையில் 3.17. ஒரு வளிமண்டலமாகிய 101.3இலிருந்து 4.24ஐக் கழித்தால் ஐதரசனுக்கு உரியது 97.1, குழாயில் நீங்கள் காண்பது 26 மில்லிலீற்றருக்கு மிக அருகில். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் நூற்றுக்கு நான்கு வழு வரும். அதை மகனீசியத்தின் தூய்மையின் மேல் பழி போட்டு எழுதிய அறிக்கைகள் பலவற்றைத் திருத்தியிருக்கிறேன்.

வாயுக்கள் ஏன் இவ்வளவு ஒழுங்காக நடக்கின்றன என்பதற்கான விளக்கம் மூலக்கூற்று இயக்கக் கொள்கையில் இருக்கிறது. வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் ஓடுகின்றன, சுவரில் மோதுகின்றன, அந்த மோதல்களின் மொத்தமே அமுக்கம் என்ற எண்ணத்தை டானியல் பேர்ணூலி 1738இலேயே எழுதினார். தனி வெப்பநிலை என்பது மூலக்கூறுகளின் சராசரி இயக்க சக்திக்கு நேர்விகிதசமனானது. 30 பாகையில் நைதரசன் மூலக்கூறுகளின் வர்க்க இடை மூல வேகம் (ஒருவகைச் சராசரி வேகம்) செக்கனுக்கு ஏறத்தாழ 520 மீற்றர், ஒலியை விட வேகம். அப்படியானால் அடுத்த வீட்டுக் கறித்தாளிப்பின் மணம் நம் மூக்குக்கு வர ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கலாம். அக்காலத்திலும் இதே ஆட்சேபம் எழுந்தது. ஒரு மூலக்கூறு மிகச் சிறிய தூரம் நேராகப் போவதற்குள் இன்னொன்றில் மோதித் திசைமாறுகிறது என்று 1858இல் கிளவுசியஸ் விடை சொன்னார். சாதாரண வளியில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது இன்று தெரியும். இந்த வரலாற்றில் இன்னொரு பெயரும் உண்டு. பம்பாயில் ஆசிரியராக இருந்த யோன் வோட்டர்ஸ்ரன் இந்தக் கொள்கையின் பெரும்பகுதியை எழுதி 1845இல் இலண்டன் றோயல் சங்கத்துக்கு அனுப்பினார். அது அச்சேறாமல் கிடந்தது. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1892இல், றேலி பிரபு அதைக் கண்டெடுத்து வெளியிட்டார். நம் பிராந்தியத்தின் ஒரு வகுப்பறையில் இருந்து போன கட்டுரை என்பதால் அதை நான் விட்டுவிடாமல் சொல்கிறேன்.

இந்தக் கொள்கைக்குள் இரண்டு எடுகோள்கள் இருக்கின்றன. மூலக்கூறுகள் தாம் பிடிக்கும் இடம், கலத்தின் கனவளவோடு ஒப்பிடப் புறக்கணிக்கத்தக்கது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று கவர்வதில்லை. சாதாரண வளியில் இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரம் மூலக்கூறின் விட்டத்தைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆகவே எடுகோள்கள் இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன. நெருக்கினால், அல்லது குளிர்த்தினால், இரண்டும் தளர்கின்றன. 1873இல் வந்தர் வால்ஸ் தம் ஆய்வேட்டில் செய்தது இந்த இரண்டையும் திருத்தியதுதான்: கனவளவிலிருந்து மூலக்கூறுகள் பிடித்த இடத்தைக் கழித்தார், கவர்ச்சியால் சுவரில் மோதல் தளர்வதை ஈடுசெய்ய, அளந்த அமுக்கத்தோடு ஓர் உறுப்பைக் கூட்டினார். 1910இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இப்போது அம்மாவின் சிலிண்டருக்கு வருவோம். வீட்டுச் சிலிண்டரில் 12.5 கிலோகிராம் வாயு. கணக்கின் எளிமைக்காக முழுவதும் பியூட்டேன் என்று எடுத்தால் அது ஏறத்தாழ 215 மூல். அதை முழுவதும் வாயுவாக, 30 பாகையில், ஒரு வளிமண்டல அமுக்கத்தில் பரப்பினால் 5,300 லீற்றருக்கும் மேல் இடம் பிடிக்கும். சிலிண்டரின் கொள்ளளவை 30 லீற்றர் என்று வைத்தால், இலட்சிய வாயுச் சமன்பாடு 170 வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தைக் கேட்கிறது. ஆனால் தூய பியூட்டேன் உள்ள கலத்தில் 30 பாகையில் உண்மையில் இருக்கும் மொத்த அமுக்கம் 3 வளிமண்டலம்கூட இல்லை. கணக்கு இப்படி அறுபது மடங்கு பிழைத்தால் கணக்கில் பிழை தேடக்கூடாது. உள்ளே இருப்பது நாம் நினைத்த பொருள்தானா என்று தேட வேண்டும். சிலிண்டரைத் தூக்கி மெதுவாக அசைத்தால் உள்ளே தளம்பும் ஒலி கேட்கும். உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம்.

திரவமும் அதன் ஆவியும் ஒரே கலத்தில் சமநிலையில் இருக்கும்போது, அமுக்கத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தத் திரவம். நீங்கள் அடுப்பைத் திறந்து ஆவியை எடுத்தவுடன் அமுக்கம் இறங்க முயல்கிறது. திரவம் கொஞ்சம் ஆவியாகி இடத்தை நிரப்பிவிடுகிறது. ஆவி நிரம்பிய இடத்தில் லீற்றர் ஒன்றுக்கு உள்ள மூல் எண்ணிக்கை ஏறத்தாழ மாறுவதேயில்லை. ஆகவே சமன்பாடு அங்கேயும் மீறப்படவில்லை. அதில் இடவேண்டிய மூல் எண்ணிக்கை சிலிண்டரில் உள்ள மொத்தம் என்று நாம் தவறாக நினைத்துவிட்டோம். திரவத்தின் கடைசித் துளி தீரும் வரை மானி வெப்பநிலையைத்தான் காட்டும், மிச்சத்தைக் காட்டாது.

ஒட்சிசனுக்கு ஏன் இந்த நிலை இல்லை என்பதற்கு 1869இல் பெல்பாஸ்ரில் தோமஸ் அன்ட்றூஸ் காபனீரொட்சைட்டைக் கொண்டு காட்டிய அவதி வெப்பநிலை என்ற கருத்து வேண்டும். ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வெப்பநிலை உண்டு. அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் அது திரவமாகாது. ஒட்சிசனுக்கு அது மறை 118 பாகை அளவில். கொழும்பில் எந்தச் சிலிண்டரிலும் அது முழுவதும் வாயுவே, ஆகவே 150 பாரில் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம்) நிரப்பியது பாதி தீர்ந்தால் 75 அளவுக்கு இறங்கும். பியூட்டேனுக்கு 152, புரொப்பேனுக்கு 97. இரண்டும் நம் சமையலறையை விட மிக உயரே இருப்பதால் சில வளிமண்டல அமுக்கத்திலேயே திரவமாகிவிடுகின்றன. காபனீரொட்சைட்டுக்கு 31 பாகை. இந்த எண்ணை நான் வகுப்பில் சொல்லும்போது யன்னலுக்கு வெளியே கையைக் காட்டுவேன். கொழும்பில் காலையில் அதற்குக் கீழேயும், நடுப்பகலில் அதற்கு மேலேயும் இருக்கிறோம். அலுவலக வாசல்களில் தொங்கும் காபனீரொட்சைட்டுத் தீயணைப்பான்களுக்குள் காலையில் இருக்கும் திரவம், வெயில் ஏறி 31 பாகையைத் தாண்டியபின் திரவம் என்றோ வாயு என்றோ பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் அவற்றிலும் மானி வைப்பதில்லை, நிறுத்துப் பார்க்கிறார்கள்.

வீட்டுச் சிலிண்டரில் இருப்பது கலவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 30 பாகையில் தூய புரொப்பேனின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 10.8 பார், பியூட்டேனுடையது 2.8. திரவக் கலவையில் ஒவ்வொரு கூறும் தன் மூல் பங்குக்கு ஏற்ப அமுக்கம் தரும் என்ற இரவோற்றின் விதிப்படி, மூல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு புரொப்பேன் உள்ள கலவையின் அமுக்கம் 4.4 பார், சரிபாதிக் கலவையினுடையது 6.8. 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல வீடுகளில் எரிவாயு சார்ந்த வெடிப்புகள் நிகழ்ந்தபோது புரொப்பேன் பியூட்டேன் விகிதம் ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்பது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சிலிண்டரின் நிறை மாறாமலே அமுக்கம் ஒன்றரை மடங்காகலாம். ரெகுலேற்றரும் குழாயும் இணைப்பும் தாங்கவேண்டியது நிறையை அல்ல, அமுக்கத்தை. புரொப்பேன் முந்தி ஆவியாவதால், சிலிண்டர் தீரத் தீர மிஞ்சும் திரவத்தில் பியூட்டேனின் பங்கு கூடி, அமுக்கம் மெல்ல இறங்குகிறது. கடைசி நாட்களில் சுவாலை சோர்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும். அதைச் சிலிண்டரின் சுவரிலிருந்து எடுக்கிறது. இரவில் ஒரு கொத்துரொட்டிக் கடையின் பின்புறம் போய்ப் பாருங்கள். பெரிய அடுப்பு தொடர்ந்து எரிவதால் சிலிண்டரின் கீழ்ப்பகுதி குளிர்ந்து, நம் ஈரக் காற்று அதன் மேல் முத்து முத்தாகப் படிந்திருக்கும். அந்த ஈரம் ஒரு குறிப்பிட்ட உயரத்தில், கோடு போட்டதுபோல நிற்கும். அதுதான் உள்ளே திரவத்தின் மட்டம். வெப்பநிலையைப் பிடித்து வைக்க அறையால் முடியாமற்போன இடம் அது. குளிர்ந்த திரவத்தின் ஆவியமுக்கம் இறங்குவதால், நிறைய வாயு இருந்தும் சுவாலை தணிந்துபோவதுண்டு. சிலிண்டர் தீர்ந்துவிட்டதென்று கழற்றி வைத்துவிட்டு, மறுநாள் பூட்டினால் மீண்டும் எரிவது இதனால்தான்.

ஆகவே அம்மாவிடம் மானியை வாங்கவேண்டாம் என்று சொல்லுங்கள். சிலிண்டரில் அதன் வெற்று நிறை பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தராசில் வைத்து அந்த எண்ணைக் கழித்தால் மிஞ்சியது தெரிந்துவிடும். தராசு இல்லையென்றால், ஈரத்துணியால் சிலிண்டரை மேலிருந்து கீழாக ஒருமுறை துடைத்துவிட்டு ஒன்றிரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். மேற்பகுதி முந்தி உலரும். திரவம் இருக்கும் பகுதி, தன் வெப்பக் கொள்ளளவால் குளிராகவே நிற்பதால், பிந்தி உலரும். இரண்டுக்கும் இடையில் தெரியும் கோட்டில் ஒரு சோக்குத் துண்டால் அடையாளமிட்டு, வாரத்துக்கொருமுறை எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து வாருங்கள்.